அண்ணன் முறுக்கிய கம்பி

1954 செப்டம்பர் 19, ஞாயிறு இரவு

தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட எல்லைக் கூட்டத்துக்கு மைக்செட் வைத்ததற்காக அண்ணனைப் போலீஸ் கொண்டுபோனபோது, மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டது. ஆம்பிளிஃபயரை மட்டும் யாரோ வீட்டில் சேர்த்துவிட்டார்கள்.

ஞாயிறுதோறும் அண்ணன் போடும் ஞானப்பாட்டு கிராமபோன் பிளேட்டைக் கேட்கவேண்டும் என்றாள் அம்மை. சித்தப்பா தனுவச்சபுரத்திலிருந்து ஒரு பழைய ரேடியோ ஸ்பீக்கரை இரவல் வாங்கிவந்தார். அதன் முதுகில் 4 ஓம் என்று இருந்தது. ஆம்பிளிஃபயரில் அண்ணனின் கம்பி 16 என்று எழுதிய திருகில் இருந்தது. ஸ்பீக்கரில் என்ன எண்ணோ அந்த எண்ணில்தான் கம்பியை மாட்டவேண்டும், மாறினால் ஆம்பிளிஃபயர் கருகிவிடும் என்பான் அண்ணன். அதை மெல்லச் சொன்னேன்.

"பிள்ளே, நீ பேசுறத கேக்கதுக்கே ஒரு மைக்செட் வேணும்" என்று சித்தப்பா சிரித்தார்.

நான் திருப்புளியை எடுத்தேன். அம்மை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் மக்களே. அது அவன் கையால முறுக்கினதாக்கும். அவன் வந்து அவுக்கட்டும்."

திருப்புளியைக் கீழே வைத்தேன்.

சித்தப்பா கம்பியின் மறுமுனையை ஸ்பீக்கரில் மாட்டி, பிளேட்டை வைத்தார். பாட்டு கரகரவென்று வந்தது. அம்மை கண்ணை மூடிக் கேட்டாள். இரண்டாம் சரணத்தில் ஆம்பிளிஃபயர் பெட்டிக்குள்ளிருந்து கருகல் மணம் வந்தது. பாட்டு நின்றது.

"பாட்டரி தீந்திருக்கும்" என்றாள் அம்மை. நானும் ஆமாம் என்றேன்.

இந்தப் பெட்டியோடு கல்யாண வீடுகளுக்குப் போய்த்தான் அண்ணன் எங்களைக் காப்பாற்றினான். வந்ததும் முதலில் இதைத்தான் திறப்பான். யார் தொட்டது என்று கேட்பான். யாரும் தொடவில்லை. அவன் முறுக்கிய கம்பி அப்படியே இருக்கிறது.