நாலாவது போல்ட்

என் தயா அண்ணா,

"நாலாவது போல்ட்ட டைட்டு வெச்சியா?" அன்றைக்கு நான் கேட்காமல் விட்டது இவ்வளவுதான். கேட்டிருந்தால் ஒரு மூச்சுகூட முழுதாகச் செலவாகியிருக்காது. எம்.கே.பி. நகரில் வண்டி ஏறியதிலிருந்து, மாத்தூருக்கு அந்தப் பக்கம் நம் ஆட்கள் கூடுகிற ரோடு வரும்வரை உன் பக்கத்து சீட்டில்தான் இருந்தேன். மூலக்கடையில் சிக்னல் விழுந்தது. மாதவரத்தில் டீக்கு நிறுத்தினாய். அப்போதும் கேட்கவில்லை.

அது நடந்து ஐந்து வருடம். நீ போய் இரண்டரை வருடம். இத்தனை நாள் வாய் திறக்காதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன ஞாயிறு நடந்ததை முதலில் சொல்கிறேன்.

பெரம்பூரில் பல் டாக்டராக இருக்கும் ஒரு பெண் புதிதாக நம் கார் பந்தயக் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். சொந்த வண்டி, பிளக் கழற்றுவதும் சொந்தக் கைதான். உனக்குப் பிடித்திருக்கும். கௌஸ் பாய் வண்டியின் கண்ணாடியில் ஒரு போல்ட் கயிற்றில் தொங்குகிறதே, அதைக் காட்டி அவள் என்னவென்று கேட்டாள்.

"அது தயா போல்ட்டும்மா," என்றார் பாய். "நம்ம தோஸ்து ஒர்த்தன், டைட்டு வெக்காமயே கோடு போடச் சொல்ட்டான். நீயும் அத்த மாரி பண்ணிக்கினு வந்து நிக்காத."

எல்லோரும் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள். இப்போதெல்லாம் பெட்ரோல் மூடியை மறந்தாலும் தயா போல்ட், பேட்டரி ஒயர் ஆடினாலும் தயா போல்ட். உன்னைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட உன் பெயரை அப்படித்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அண்ணா, நான் சிரித்தேன். அதற்கப்புறம்தான் பேனாவை எடுத்தேன்.

உன்னைப் பார்க்காதவர்கள் இதைக் கேட்கப்போகிறார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீ கண்டெய்னர் யார்டில் கிரேன் ஃபிட்டர். விபத்தில் முகம் நொறுங்கிய ஒரு வெள்ளைக் காரை வாங்கி, நம் பிளாக்குக்குப் பின்னால் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் ஒன்றரை வருடம் அதோடு குடித்தனம் நடத்தினாய். திருவொற்றியூர் லேத்துகளில் உனக்காகக் கடையாத சாமான் இல்லை. பணக்கார வண்டிகள் வெளிநாட்டுச் சாமானோடு வந்து நிற்கிற இடத்தில் உன் வண்டியின் சத்தம் கேட்டால் அவர்களே பானெட்டைத் திறந்து காட்டச் சொல்வார்கள்.

கோடு போடுகிற பழக்கம் என்னால் வந்தது. பிரவுசிங் சென்டரில் ஆங்கிலத்தில் படித்து உனக்குச் சொல்வது என் வேலை. ரேஸ் மெக்கானிக்குகள் ஒரு போல்ட்டை இறுக்கியதும் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை பெயின்ட்டில் ஒரு கோடு இழுப்பார்கள், போல்ட் தளர்ந்தால் கோடு இரண்டாக விலகி நிற்கும் என்று ஒருநாள் படித்துச் சொன்னேன். அன்று சாயந்திரமே நீ என் நெயில் பாலிஷைக் கேட்டாய். மெரூன் கலர். அடுத்த மாதம் கூட்டம் முழுக்க அதுதான். கௌஸ் பாய் வீட்டில் ரோஸ் கலர் பாட்டில் காணாமல் போய், வண்ணாரப்பேட்டை முழுக்கக் கேட்கும்படி அவருக்கு மண்டகப்படி நடந்தது.

நம் ஷெட்டில் ஒரே ஒரு விதி. நீ இறுக்கிவிட்டு "போடு" என்பாய். நான் கோடு போடுவேன். நீ சொல்லாமல் நான் போடக்கூடாது.

ஐந்து வருடத்துக்கு முந்தைய அந்த ஞாயிறு கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. ரேஸ் டீம் வைத்திருப்பவர். உன் வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு, நேரில் பார்த்துப் பிடித்திருந்தால் உன்னைத் தன் டீமில் மெக்கானிக்காக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். யார்டை விட்டு வெளியே வர உனக்கு இருந்த ஒரே கதவு அது. நீ அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சட்டையை அம்மாவிடம் கொடுக்காமல் நீயே இஸ்திரி போட்டுக்கொண்டாய்.

முன் சக்கரங்களுக்கு அந்த வாரம்தான் பெரிய டிஸ்க் பிரேக் மாட்டியிருந்தாய். டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பரைப் பிடித்து நிற்க பக்கத்துக்கு இரண்டு போல்ட், மொத்தம் நாலு. காலையில் கடைசியாக ஒருமுறை கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினாய். இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் மேலே ஒன்று. மூன்று தடவை "போடு", மூன்று கோடு. நாலாவதை விரலால் திருகி உட்கார வைத்துவிட்டு ஸ்பேனரை எடுக்கத் திரும்பினாய். அப்போது தண்ணி லாரியின் ஹாரன் கேட்டது.

அந்தக் கோடையில் லாரியை விட்டால் மூன்று நாளைக்குத் தண்ணீர் இல்லை. அம்மாவுக்கு முட்டி வலி. "தயா, லாரி வந்துகிச்சி, குடத்த தூக்கினு ஓடு" என்று அவள் குரல் வந்ததும் நீ நாலு குடத்தோடு ஓடிவிட்டாய்.

என் கையில் பிரஷ் இருந்தது. பாட்டிலின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். காய்ந்தால் பிரஷ் முடி முடியாகப் பிரிந்துவிடும். எப்படியும் நீ வந்து இறுக்கத்தானே போகிறாய் என்று நாலாவதுக்கும் கோடு இழுத்துவிட்டு, மற்ற குடங்களை எடுத்துக்கொண்டு உன் பின்னால் வந்தேன்.

நீ முதலில் திரும்பினாய். நான் வரிசையில் மாட்டிக்கொண்டேன். கடைசிக் குடத்தோடு வந்து பார்த்தபோது சக்கரம் மாட்டியிருந்தது, ஜாக்கி இறங்கியிருந்தது, நீ கையைத் துடைத்துக்கொண்டிருந்தாய். அந்த இடைவெளியில் ஸ்பேனரை எடுத்தாயா? இல்லை, கோட்டைப் பார்த்து முடிந்ததென்று நினைத்துவிட்டாயா?

எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள உன்னிடம் கேட்க வேண்டும். கேட்டால் நான் விதியை மீறியது தெரிந்துவிடும், சக்கரத்தை மறுபடி கழற்ற வேண்டும், கோயம்புத்தூர்க்காரரைக் காக்க வைக்க வேண்டும். இறுக்கியிருப்பாய் என்று மூலக்கடைவரை சொல்லிக்கொண்டேன். மாதவரம் தாண்டியதும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. நீ ஒவ்வொரு முறை பிரேக்கை மிதித்தபோதும் என் வலது கால் தரையை அழுத்தியது. ஒன்றும் ஆகவில்லை. ஊருக்குள் மெதுவாகத்தானே போனோம்.

இன்னும் திறக்காத ரோடு. நேரே போய், கால்வாய்க்கு முன்னால் குவித்திருந்த ஜல்லியில் முடியும். மணலிப் பக்கமிருந்து எரிவாயு வாடை. கோயம்புத்தூர்க்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். சக்கரத்துக்குள் தெரிந்த மெரூன் கோட்டை அவர் குனிந்து பார்த்ததும் உனக்குப் பெருமை தாங்கவில்லை.

"என் தங்கச்சி போட்டது சார். இது கோடு போட்ச்சின்னா நான் திரும்பிப் பாக்கறதே இல்ல."

திரும்பிப் பார்ப்பதே இல்லை. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது, அண்ணா. அந்தக் கணத்தில் எனக்கு முக்கால்வாசி தெரிந்துவிட்டது. எத்தனையோ புத்தகங்களில் இப்படி வாயடைத்து நிற்பவர்களைப் படித்து எரிச்சலடைந்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று பக்கத்தை வேகமாகப் புரட்டியிருக்கிறேன்.

பந்தயத்துக்குக் கொடி அசைப்பதும் என் வேலைதான். ஒரு பக்கம் நீ, மறுபக்கம் கௌஸ் பாய். என் கை மேலே இருக்கும்வரை யாரும் கிளம்ப முடியாது. கையைத் தூக்கிப் பிடித்தபடி உன் வலது முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, இரண்டு எஞ்சினும் உறுமிக்கொண்டே இருந்தன. பாய் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"இன்னா பாப்பா, நெயில் பாலிஷ் காயட்டும்னு கைய தூக்கினு நிக்கிறியா? வுடும்மா."

ஓரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் கையை இறக்கினேன்.

பாதி தூரத்திலேயே நீ முந்திவிட்டாய். அதை மற்றவர்கள்தான் பார்த்தார்கள். நான் பிரேக் விளக்குக்காகக் காத்திருந்தேன். சிவப்பு எரிந்தது. கூடவே தகரத்தில் சுத்தியல் விழுந்த மாதிரி ஒரு சத்தம். வண்டி இடது பக்கம் இழுத்தது, பின்பக்கம் சுழன்றது, அப்புறம் புழுதியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நான் ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. ஓடிய தூரமெல்லாம் நீ இறந்துபோயிருந்தாய். கிட்டே போய், கதவைத் திறந்து நீ காலை வெளியே வைத்த பிறகுதான் உயிரோடிருந்தாய். ஒரு சக்கரம் ஜல்லியில் ஏறி நின்றிருந்தது. அதற்கப்புறம் கால்வாய்.

நீயே ஜாக்கி வைத்தாய். நீயே சக்கரத்தைக் கழற்றினாய். மேல் போல்ட் வளைந்துபோய்க் காலிப்பரை ஒற்றையாகப் பிடித்திருந்தது. கீழ்த் துளை காலி. துளையின் ஓரத்து இரும்பில் என் மெரூன் கோட்டின் பாதி இருந்தது. மறுபாதி போல்ட்டின் தலையோடு ரோட்டில் எங்கோ விழுந்திருந்தது; பிறகு பாய் தேடியெடுத்துக் கண்ணாடியில் கட்டியது அதைத்தான்.

அந்தப் பாதிக் கோட்டைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நீ "போடு" சொல்லவில்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இருவரும் அங்கேதான் இருந்தோம்.

"என் தப்பு பாய்," என்றாய். "டைட்டு வெக்காமயே போடுன்ட்டேன். அது இன்னா பண்ணும் பாவம், சொன்னா போடும்."

நான் வாயைத் திறக்கவில்லை. இது இரண்டாவது தடவை. கோயம்புத்தூர்க்காரர் உன் தோளைத் தொட்டார். "வண்டி நல்லாத்தான் போகுதுங்க தம்பி. ஆனா கைய நம்போணுமில்லீங்களா?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நீ தாங்கியிருப்பாய். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். அவர் கார் திரும்பி மறையும்வரை நேரம் இருந்தது.

அடுத்த ஞாயிறு நீ புது விதி கொண்டுவந்தாய். இறுக்கியவன்தான் கோடு போட வேண்டும். என் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டு, "உனக்கு ஏன் கை அழுக்காவணும்?" என்றாய். அது பாசமா, அண்ணா? இல்லை, இனி என்னை நம்ப முடியாது என்பதை என் மனம் நோகாமல் சொன்ன விதமா? வீட்டில் இதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசியதில்லை. யார்டுக்குப் போனாய், வந்தாய்.

இரண்டரை வருடம் கழித்து வந்த மழையில் வியாசர்பாடி மூழ்கியபோது ஷெட்டில் இடுப்பளவு தண்ணீர். எஞ்சினைச் சங்கிலியில் தூக்கிக் கட்ட இரண்டு நாள் அதற்குள்ளேயே நின்றாய். பிறகு காய்ச்சல், மஞ்சள் ஏறிய கண். எலிக்காய்ச்சல் என்றார்கள். நீ வீடு திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருநாள் நான் மட்டும் உன்னோடு இருந்தேன். சொல்லிவிடலாம் என்று நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டேன்.

"வாணி, எஞ்சின் நனஞ்சிதா?" என்று கேட்டாய்.

"இல்லண்ணா. மேலதான் தொங்குது."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். நான் சொல்லாமல் விட்டது, மூன்றாவது தடவை.

சரி, இங்கத்திய செய்தி. அந்த ரோடு திறந்துவிட்டது. இப்போது அங்கே கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. நம் ஆட்கள் நெட்டுக்குப்பம் போகிற வழியில் கூடுகிறார்கள், பேசுவதற்கும் பானெட்டைத் திறந்து பார்ப்பதற்கும் மட்டும். ஓட்டுவதென்றால் முறையான டிராக்குக்குப் போகிறார்கள். ஹெல்மெட் இல்லாமல் யாரும் ஏறுவதில்லை. உன் வண்டியை விற்கச் சொல்லி அம்மா கேட்டுப் பார்த்து விட்டுவிட்டாள். நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சனிக்கிழமைகளில் ராயபுரம் ஆபீசுக்கு அதில்தான் போகிறேன். கடலோர ரோட்டில் பாறைகளைக் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள், கடல் அவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. உன் கோயம்புத்தூரை நான் தின்றேன். இதை வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நீ அன்றே மன்னித்துவிட்டாய், அதுவும் எல்லோர் முன்னாலும். அந்த மன்னிப்பின் செலவு முழுக்க உன் பெயரில் விழுந்திருக்கிறது, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இந்த ஞாயிறு எல்லோரும் வந்த பிறகு இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படிப்பேன். பாதியில் குரல் போனால் தண்ணீர் குடித்துவிட்டு முதலிலிருந்து படிப்பேன். இனி என் தப்பை உன் பெயரால் யாரும் கூப்பிட விடமாட்டேன். இது சத்தியம்.

நீ "போடு" சொல்லாமலே கோடு போட்ட
உன் தங்கை,
வாணி

ஞாயிறு சாயந்திரம் சேர்த்தது: படித்தேன். குரல் போகவில்லை. முடித்ததும் கௌஸ் பாய் கண்ணாடியில் தொங்கிய போல்ட்டைக் கையில் பிடித்துப் பார்த்தார். "அன்னிக்கே சொல்லிருந்தா அவன் கோயம்புத்தூர் பூட்ருப்பான்மா," என்றார். அப்புறம் எல்லோருக்கும் டீ சொன்னார், எனக்கும் சேர்த்து. போல்ட்டைக் கண்ணாடியிலிருந்து கழற்றவில்லை. கிளம்பும்போது பல் டாக்டர் தன் வண்டியில் ஏதோ ஆடுவதைக் கண்டுபிடித்து, பாயைக் கூப்பிட்டுக் காட்டினாள். வாணி போல்ட், என்றாள். பாய் தலையை ஆட்டினார். இனி அதற்கு அதுதான் பெயர்.