யாரும் பார்க்கவில்லை

5 நவம்பர் 91, செவ்வாய்
நாள் முழுக்கத் தூறல். லண்டன் ஸ்டெப்னியில் கவுன்சிலின் முதியோர் பராமரிப்பு வேலை: எஸ்தர் கிழவிக்குச் சமையல், துடைப்பு, மருந்து. வயது எண்பத்தாறு. அந்தத் தெருவில் மிஞ்சிய கடைசி யூதப் பெண். மற்றவர்கள் எப்போதோ இல்ஃபோர்ட் பக்கம் போயாயிற்று.

மாலை ஏழுக்கு என் கணவருடைய தம்பி ரவி எங்கள் வீட்டுக்கு வந்தான். கையெல்லாம் இரத்தம். பிளேஸ்டோவில் குகனை வெட்டியிருக்கிறான். பெற்றோல் அடிக்கிற செட்டில் வேலை செய்கிற தமிழ் மனுசன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ரவியின் அடிதடிக் கூட்டத்தில் சேர மாட்டேன் என்றதற்கு இரண்டு விரல்கள் போய்விட்டன.

6, புதன்
பொலிசுக்கு என்ன சொல்வதென்று இவர் எனக்குப் பாடமாக்கித் தந்தார். "அஞ்சு மணியிலயிருந்து ரவி எங்களோடதான் இருந்தவன். விளங்கிச்சுதோ?"
ரவி இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். ஊற்றினேன். சீ.
கோயிலில் பழகிய கமலாக்காவிடம் மெல்லச் சொன்னேன். அவ: "எங்கட சனத்தை நாங்களே காட்டிக் குடுக்கிறதோ? வெள்ளைக்காரன் என்ன நினைப்பான்?"

7, வியாழன்
வாங்க: பால், பிளீச், எஸ்தரின் கண்மருந்து.
சொந்த ஆளைப் பொலிசில் காட்டிக் கொடுக்கலாமா என்று, பெயர் சொல்லாமல் எஸ்தரிடம் கேட்டேன். சிரித்தாள். அவளுக்குப் பதினாறு வயதில், தெருச் சண்டியன் ஒருவன் பேக்கரியில் பாண் சுடும் ஹைமியின் முகத்தைச் சவரக்கத்தியால் கிழித்தானாம். இருவரும் அவளைப்போல யூதர்கள்தான். ஹைமிக்கு ஒரு கண் போய்விட்டது.
"தெருவே பார்த்தது. பொலிஸ் கேட்டபோது யாரும் பார்க்கவில்லை. நானும்தான். அவ்வளவு ஒற்றுமை எங்களுக்குள்." முகத்தில் பெருமை.
"பிறகு ஹைமி?"
"அதே தெருதான். முப்பது வருடம் அவனிடம்தான் பாண் வாங்கினோம். கையில் தர மாட்டான். மேசையில் வைப்பான்."
தேத்தண்ணீர் போடுகிற சாட்டில் குசினிக்குள் போய் நின்றேன். கிழவி மேல் அருவருப்பு. என் மேல் அதைவிட.

11, திங்கள்
பொலிஸ் வந்தது. இவர் பாடத்தை ஒப்பித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்கள். ரவி ஏழு மணிக்குத்தான் வந்தான், கையில் இரத்தம் என்றேன். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.
ரவியைக் கூட்டிப்போனார்கள்.
இவர்: "நீயும் ஒரு பொம்பிளையோ?"
கமலாக்கா போனை எடுக்கவில்லை.

12, செவ்வாய்
வேலைக்கு லீவு. குகனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்ட் வாசலில் குகனின் மனைவி மறித்தாள்.
"நீங்கள் ரவியின்ர அண்ணியெல்லோ? என்னத்துக்கு வந்தனீங்கள்? உங்கட வீட்டில ஒருத்தரும் வாய் திறக்க மாட்டீங்கள்."
"நான் திறந்தனான்."
அவள் பக்கத்துக் கதிரையிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காலியான அந்தக் கதிரையில் போய் இருந்தேன்.