நெடுங்கரைக் கிணறு

12.4.1969, சனி

காலையிலிருந்து ஓஸ் குழாய்களைக் கழுவி முற்றத்தில் காயப்போட்டோம். நேற்றைய தீ பற்றிய அறிக்கையை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

நெடுங்கரையில் பதினொரு குடிசைகள். எங்கள் தீயணைப்பு வண்டி போய்ச் சேர்ந்தபோது எரிந்துகொண்டிருந்தவை ஏழுதான். மீதி நாலும் எங்கள் கண்ணெதிரே போயின. தண்ணீர் இருந்தது, ஆளும் இருந்தது. குழாயை மேற்கே இழுங்கள் என்று நான் கத்தினேன். பஞ்சாயத்துத் தலைவர் ஏகப்பன் தன் ஆட்களை விட்டு அதையே கிழக்கே, வைக்கோல் படப்புப் பக்கம் இழுக்க வைத்தார். போலீஸ்காரர்கள் கூட்டத்தை விரட்டினார்கள். ஊருணியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வந்தவர்களும் அதில் அடக்கம்.

சாம்பலுக்குள் கருகிய நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். "ஏஞ்சாமி, ஒங்கள்ல யாரு சொல்றதத்தான் நாங்க கேக்கணும்?"

வண்டியில் ஏறினேன். நிலைய அதிகாரி என்று பெயர்.

13.4.1969

அவள் கேட்டது சரிதானே?

3.5.1969

போலீஸ் ஏட்டு முத்துவீரன் வீட்டுக்கு வந்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். சண்டை போட வேண்டும் என்று நான் மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். உட்கார்ந்ததும் அவராகவே ஆரம்பித்தார். "அன்னைக்கித் தண்ணிக் குடத்த வெரட்டுனது எங்காளுகதான். அது உறுத்திக்கிட்டே இருக்கு சார்."

அடுக்கி வைத்ததெல்லாம் எங்கே போயிற்றோ! இருவரும் இரண்டு மணி நேரம் பேசினோம். நெருப்பு என்னுடையது, கூட்டம் அவருடையது. ஒருவர் பேச்சில் மற்றவர் தலையிடுவதில்லை என்று முடிவு.

"நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாத ஒண்ணு வந்தா?" என்றேன்.

"தெரிஞ்சவுக பேசட்டும். நாம வாய மூடிக்கிருவோம்."

என் மனைவி சரஸ்வதி பணியாரம் கொண்டு வந்து வைத்தாள். "இதுக்கு மட்டும் வாயத் தொறங்க" என்றாள்.

9.6.1969

மழை இல்லை. எல்லாரும் கிணற்றை ஆழப்படுத்துகிறார்கள்.

24.7.1969, வியாழன்

மாலை ஆறு மணி. இன்றே எழுதிவிட வேண்டும்.

காலை பத்து மணிக்கு போன். மறுபடியும் நெடுங்கரை. தோட்டக் கிணறு ஒன்றில் தெற்குச் சுவர் சரிந்து, நாற்பதடி ஆழத்தில் ஒரு பெண் மார்பு வரை மண்ணில் புதைந்து கிடக்கிறாள். பெயர் அக்கம்மாள். இருபது வயது.

வண்டியைக் கிணற்றை ஒட்டிக் கொண்டுபோகச் சொன்னேன். ஒரு பெண் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எதிரே ஓடி வந்தாள். "நிப்பாட்டுங்க! இங்குட்டுக் கொண்டாராதீக! கரை அதிர்ந்தா மிச்ச மண்ணும் அவ தலையிலதான்!" டிரைவர் மருது பிரேக்கை மிதித்தான். அவள் சொல்லியிராவிட்டால்? — வேண்டாம், அதை நினைக்க வேண்டாம்.

கிணற்றைச் சுற்றி நூறு பேர். நூறு யோசனை. ஏகப்பன் "கயித்தப் போட்டு இழுங்கப்பா" என்கிறார். நாலு பேர் கயிற்றோடு தயார். பாதி உடம்பு மண்ணுக்குள் இருக்கிறது. இழுத்தால் இடுப்பு என்னாகும்? எனக்கும் தொண்டை வரை கத்தல் வந்துவிட்டது. ஆனால் எனக்குத் தெரிந்தது நெருப்பு. ஆசாரி மகன் என்பதால் மரம் தெரியும். கிணற்று மண் தெரியாது.

"இந்தக் கெணத்தப் பத்தி யாருக்குத் தெரியும்?"

வண்டியை மறித்தவள் முன்னால் வந்தாள். "எனக்குத் தெரியும்யா. எம்பேரு கருப்பி. நாங்கதான் வெட்டுறோம். உள்ள கெடக்கது என் தங்கச்சி."

"அப்ப நீ சொல்லும்மா. நீ சொல்றத நான் செய்றேன்."

ஏகப்பனுக்கு முகம் சிவந்தது. "கெணறு வெட்டுற பொம்பள சொல்லியா நாங்க நகரணும்?"

தன் ஆட்களோடு வந்திருந்த முத்துவீரன் குரலை உயர்த்தவே இல்லை. "யாருக்கு மொத எலன்னு பாக்க இது பந்தியா தலைவரே? ஒரு உசுரு உள்ள கெடக்கு. நகருங்க." முப்பதடி தள்ளிக் கயிறு கட்டி நூறு பேரையும் அதற்கு அப்பால் நிறுத்தினார்.

மேற்கே பாறை, அந்தப் பக்கமாக மட்டும் இறங்கலாம் என்றாள் கருப்பி. தெற்கே பலகை வைத்து முட்டுக் கொடுக்காமல் ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடக்கூடாது. பலகைக்கு எங்கே போவது? ஏகப்பனே சொன்னார்: "வீட்டு வேலைக்கு அடுக்கி வச்ச பலகை கெடக்கு. எடுத்துக்கங்க." அவரும் ஒரு முனையைத் தூக்கி வந்தார்.

நானும் மருதுவும் இறங்கினோம். முட்டு அடித்தேன். அப்பாவின் பட்டறையில் வேண்டா வெறுப்பாகக் கற்ற வேலை. மேலே கருப்பியின் குரல் மட்டும். "ஒரு கூடை அள்ளுங்க. போதும், நிறுத்துங்க." ஒவ்வொரு கூடைக்கும் பிறகு மண் சரிகிறதா என்று காது கொடுப்பாள். மேலே ஒரு சத்தம் இல்லை.

நடுவில் அக்கம்மாள் ஈனக் குரலில், "அக்கா, காலு இருக்கா இல்லையான்னு தெரியலக்கா" என்றாள்.

"இருக்குடி. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

நாற்பதடி மேலிருந்து, மண்ணுக்குள் கிடக்கும் காலை எப்படிப் பார்த்தாள்!

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அக்கம்மாளை மேலே ஏற்றினோம். அதுவரை கண்ணில் ஒரு சொட்டு நீர் விடாத கருப்பி, அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். ஏகப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

25.7.1969

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது கால் முறிவு. நடந்துவிடுவாள் என்கிறார் டாக்டர். கருப்பி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட வேண்டியவன் நான். வெளியே வந்து முத்துவீரன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அறிக்கையில் எழுதிவிட்டேன்: "மீட்புப் பணி முழுவதும் கருப்பி என்பவர் சொன்னபடி நடத்தப்பட்டது."

11.8.1969

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். அரசுப் பணியில் இல்லாத ஒருவர் எப்படி உத்தரவிட்டார்? ஒரே வரியில் பதில் அனுப்பினேன்: அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

19.3.1970

மத்தியானம் நெடுங்கரையில் தீ.

ஊருக்குள் பாதை ஒழிந்து கிடந்தது. மாட்டு வண்டிகளை முன்னதாகவே ஓரங்கட்டியிருந்தார்கள். ஊருணியிலிருந்து இரண்டு வரிசை. ஒன்றில் நிறைகுடம் போகிறது, மற்றதில் வெறுங்குடம் திரும்புகிறது. நிறைகுட வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏகப்பன். மண்மேட்டில் நின்று கருப்பி குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு குடிசையோடு தீ நின்றிருந்தது. புகைந்துகொண்டிருந்த பக்கத்துக் கூரைகள் மட்டும் பாக்கி.

என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். "வண்டி வடக்காம நிக்கட்டும்யா. காத்து அங்குட்டுத்தான் அடிக்குது, தீ தாவுனா அங்குட்டுத்தான் தாவும்."

"சரிம்மா" என்றேன். மருது வண்டியை வடக்கே திருப்பினான்.