நிழலுக்குப் போட்ட பூட்டு

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள். நேற்று ஃபோனில் உன் குரலுக்கு இருந்த பலத்தைக் கேட்டபோது, இரத்த அழுத்தம் தவிர மற்ற எல்லாம் நன்றாகவே இருப்பதாகத் தெரிந்தது. இங்கே நாங்களும் சுகம். உன் மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏற முடியவில்லை என்று சொல்லிக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். கடை தரைத்தளத்தில்தான் இருக்கிறது.

இது நம் திருச்சபையின் மாவட்டக் கண்காணிப்பாளர் ஐயாவுக்கு எழுதும் கடிதம் இல்லை. அவருக்கு எழுத வேண்டுமானால் சபைச் செயலாளர் வழியாகத்தான் போக வேண்டும், செயலாளரோ என் கையெழுத்தைப் பார்த்தாலே மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வெளியே போய்விடுவார். அவரும் நீதான் என்றாலும், இது என் அண்ணாவுக்கு. "வகுப்புக் கூட்டத்த போலீஸ் ஸ்டேஷனா மாத்தி வெச்சிருக்கே. ஒரு பெரிய மனுஷன் பாதியில எழுந்து போற மாதிரி பண்ணிட்டியே" என்று நேற்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். நீ பிரசங்கம் செய்யும்போதுதான் நாங்கள் பதில் பேசக் கூடாது. ஃபோனிலுமா? அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தை நீ பாதியில் துண்டிக்க முடியாது. மடித்து வைத்தாலும் மேஜை மேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஓட்டல்காரர் உன்னிடம் சொன்னது ஒரு பாதி. நம் சபையின் பெரிய மனிதர், இரண்டு ஓட்டல்களுக்குச் சொந்தக்காரர், ஆலயத்தின் புது மின்விசிறிகள் ஒவ்வொன்றிலும் தன் அப்பா பெயரை எழுதி வைத்திருப்பவர். அவர் சொன்னால் நீ நம்புவாய். மறுபாதியை என்னிடம் கேள்.

இந்தக் கோடையில் மத்தியான வெயில் எப்படி இருக்கிறது என்று உன் ஏசி அறைக்குத் தெரிந்திருக்காது. நம் போதகர், அந்தச் சின்னப் பையன் (எனக்கு நாற்பது வயதுக்குக் கீழே எல்லாரும் பையன்தான்), ஆலயக் கூடத்தை மதியத்தில் திறந்துவிட்டார். வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பைக்காரர்கள் வந்து உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம், ஃபோனுக்குச் சார்ஜ் போடலாம். அவ்வளவுதான். ஜெபத்தாள் கொடுக்கவில்லை, பாட்டுப் பாடச் சொல்லவில்லை. நம் சபையைத் தொடங்கியவரே ஆலயத்துக்குள் இடம் கிடைக்காமல் வயல்வெளியில் நின்று சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பிரசங்கம் செய்தவர்தானே, அவருக்கு நாம் செலுத்தும் நன்றி இது என்று போதகர் சொன்னார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஆமென் சொல்ல என்ன செலவு?

நான் முதல் நாள் போனது வேடிக்கை பார்க்கத்தான். யார் வருகிறார்கள், எப்படி உட்காருகிறார்கள் என்று மகளிர் சங்கத்தில் போய்ச் சொல்ல வேண்டாமா? அங்கேதான் புயலைப் பார்த்தேன். புயல் என்பது அந்தப் பெண்ணுக்கு மற்ற பைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர். ஆமையும் முந்திவிடும் வேகத்தில் வண்டி ஓட்டுவாள், அதனால். இரண்டு பிள்ளைகள், புருஷன் எங்கேயோ. என் பாடகர் குழுப் பயிற்சியை ஒருநாள் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க மேல போறப்ப வெளிய நாய் எல்லாம் எழுந்து நின்னுச்சு" என்றாள். இத்தனை வருடமாக யாரும் என்னிடம் சொல்லத் துணியாத உண்மை. அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

புகார் இரண்டாவது வாரமே வந்துவிட்டது. கூடத்தில் சாக்ஸ் நாற்றம் என்றார் செயலாளர். பைக்குகள் நிற்பதால் காரைத் திருப்ப முடியவில்லை என்றார் இன்னொருவர். இவை எல்லாம் சாக்கு. உண்மையான காரணம், அவர்கள் அங்கே உட்கார்ந்து பேசத் தொடங்கியதுதான். வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில் ஓட்டல்கள் ஆர்டர் அனுப்பக் கூடாது, இல்லாவிட்டால் ஒருநாள் வண்டி எடுக்க மாட்டோம் என்று முடிவு செய்தார்கள். போதகர் அடுத்த ஞாயிறு, வேலைக்காரனுக்கு நிழல் கேட்பது பாவமில்லை என்று பிரசங்கம் செய்தார். ஆராதனை முடிந்ததும் நம் ஜனங்கள் வாசலிலேயே நின்று ஃபோனில் சாப்பாடு ஆர்டர் செய்தார்கள், அது வரத் தாமதமானதற்குத் திட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், நீ எப்படியும் கேட்பாய்.

ஓட்டல்காரர் மட்டும் ஆர்டர் செய்யவில்லை. "சர்ச்சுல சங்கம் நடத்தறாங்க, என் கடைக்கு எதிரா. என் ஃபேன் காத்துலயே உக்காந்து" என்று சொல்லிக்கொண்டே காரில் ஏறினார்.

செவ்வாய்க்கிழமை கூடத்துக்குப் பூட்டு. மேலிடத்திலிருந்து ஃபோன் வந்தது, பேசி முடிவெடுக்கும்வரை திறக்கக் கூடாதாம். போதகருக்குக்கூடச் சொல்லவில்லை. அவர் ஒரு சாவுவீட்டில் இருந்தார். அதே வாரம்தான் நம் மாவட்டம் முழுவதும் சுற்றுச்சூழல் ஞாயிறு. உன் அலுவலகம் அனுப்பிய பெரிய பேனரைக் கட்ட நல்ல இடம் தேடி, பூட்டிய கதவின் மேலேயே கட்டினார்கள். வியர்வை சொட்டும் பூமி உருண்டையின் படம். கீழே, "சூடேறும் பூமிக்காகக் கண்ணீரோடு ஜெபிப்போம்."

புதன்கிழமை மதியம் புயல் வந்தாள். பூட்டியது அவளுக்குத் தெரியாது. கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். பிறகு தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் அந்தப் பேனருக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். குழாய் உள்ளே இருக்கிறது, அண்ணா. எதிர்க்கடைத் தையல்காரர், தூங்குகிறாள் என்று நினைத்தாராம். அவர் கடையைச் சாத்தப் போகும்போதும் அவள் அதே மாதிரி சாய்ந்திருந்ததால் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறார். உடம்பு அடுப்புக்கல் மாதிரி கொதித்ததாம்.

உயிர் இருக்கிறது. சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன, பேச்சு குழறுகிறது. பிள்ளைகள் போதகர் வீட்டில் இருக்கிறார்கள்.

செயற்குழு கூடியது. நான் ஓர் ஓரமாக உட்கார்ந்து ஒரு தீர்மானத்தைக் கேட்டேன்: சம்பந்தப்பட்ட அனைவருக்காகவும் ஜெபிப்பது. யார் அந்த அனைவர் என்று கேட்டேன். "எல்லாருந்தாம்மா, ரெண்டு பக்கமும்" என்றார் செயலாளர். சாராயக் கடைக்கு எதிராக நீ ஊர்வலம் போனாயே, அப்போது இதே செயலாளர் முன்வரிசையில் தட்டி பிடித்து நடந்தவர். அன்றைக்கு ரெண்டு பக்கம் என்று யாரும் சொல்லவில்லை. சாராயக் கடைக்காரர் நம் சபையில் இல்லையே. பாவி மதிலுக்கு வெளியே இருக்கும்வரை நமக்கு வீரம் வந்துகொண்டே இருக்கும். இரண்டாவது தீர்மானம் உனக்குத் தெரியும். போதகர் சபையின் சமாதானத்தைக் கெடுத்தார், வருகிற ஆண்டு மாநாட்டில் அவரை வேறு ஊருக்கு மாற்ற வேண்டும். மூன்று குடும்பமும் ஓர் ஆலய மணியும் மிச்சமிருக்கிற ஏதோ ஓர் ஊர்.

இனி வகுப்புக் கூட்டத்துக்கு வருகிறேன். நம் முறை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்காருகிறோம், வகுப்புத் தலைவர் ஒவ்வொருவரிடமும் உங்கள் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். தலைவியாக என்னை நியமித்தவனே நீதான், வாய் அதிகம் என்பதால் வேலை கொடுத்தால் அடங்கும் என்று. ஓட்டல்காரரும் அவர் மனைவியும் என் வகுப்பு. வழக்கம்போல அவரிடம் கேட்டேன். "நல்லா இருக்கும்மா. கொஞ்சம் சுகர்தான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "வராந்தாவுல விழுந்த பொண்ணப் பத்தி உங்க ஆத்துமா ஏதாவது சொல்லுதுங்களா?" என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை, சாட்சிக்கு ஒன்பது பேர் இருக்கிறார்கள். வேதாகமத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். இதுதான் நீ சொல்லும் போலீஸ் ஸ்டேஷன்.

அவர் உனக்குச் சொல்லாதது, அவருக்கே தெரியாதது, அதற்குப் பிறகு நடந்தது. அவர் மனைவி எழுந்து போகவில்லை. சைலன்ட் அக்கா என்று கூப்பிடுவோமே, வகுப்பில் ஜெபத்துக்குக்கூட உதடுதான் அசையும், அவர். கைக்குட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்: "பூட்டறதப் பத்தி ஃபோன்ல பேசினப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். எங்க வீட்டுக்காரர்தான் முதல்ல கூப்பிட்டாரு, கோவமா. அப்புறம் அந்தப் பக்கத்துல இருந்து, சரி பூட்டிடுங்க, நான் பாத்துக்கறேன்னு சொன்னது எனக்கே கேட்டுச்சு. யாருங்கன்னு கேட்டேன். நம்ம கண்காணிப்பாளர்னு சொன்னாரு."

இந்த மாவட்டத்துக்குக் கண்காணிப்பாளர் ஒருவர்தான்.

வட்டத்தில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்கள், மின்விசிறியைப் பார்த்தார்கள். நான் உன் தங்கை என்பது சபைக் குழந்தைகளுக்கும் தெரியும். அத்தனை வருடம் கண்காணிப்பாளர் தங்கச்சி என்று முன்வரிசையில் உட்கார்ந்து அலட்டியவள் நான், அன்றைக்கு நாற்காலியை எங்கே நகர்த்துவது என்று தெரியவில்லை. நேற்று நீ ஃபோனில், அது அங்கே உள்ளூர்க்காரர்கள் எடுத்த முடிவு என்றாய். அதைக் கேட்டுக்கொண்டே நான் சும்மா இருந்தேன். பயத்தினால் இல்லை. இன்னும் ஒரு வாக்கியம் பேசினால் நீயே உண்மையைச் சொல்லிவிடுவாய் என்று காத்திருந்தேன். நீ வைத்துவிட்டாய்.

அவள் அங்கே வருவாள் என்று உனக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியும். ஒரு பெரிய மனிதர் கத்தினார், மாநாட்டுக்கு முன்னால் தலைவலி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னாய். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக இப்போது போதகர் மூட்டை கட்ட வேண்டும் என்கிறாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. மாநாட்டின் கடைசி நாள் எந்தப் போதகர் எந்த ஊருக்கு என்று பேராயர் பெயர்களை வாசிப்பார், நாம் எழுந்து நின்று பாட்டுப் பாடுவோம், விஷயம் முடிந்துவிடும். அந்தப் பட்டியலைப் பேராயர் கையில் கொடுப்பது நீ. அதில் அவர் பெயர் இந்த ஊருக்கு நேரே இருக்கட்டும். அவரை அனுப்பிவிட்டால் அந்தக் கூடத்தை இனி யாரும் திறக்கமாட்டார்கள். திறந்தவனுக்கு என்ன ஆயிற்று என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுமே.

அடுத்த வாரம் சபைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வருகிறாய். வழக்கம்போல நம் வீட்டில்தான் தங்குவாய், உனக்கு மெத்தையை வெயிலில் போட்டாயிற்று. ஆனால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ. பெண்கள் பகுதி, ஜன்னலோரக் கட்டில். பழம் வாங்காதே, அவளுக்குக் கொடுக்கக் கூடாதாம். அங்கி, சிலுவை எதுவும் வேண்டாம், சாதாரணச் சட்டையில் போ. அவளுக்கு நீ யார் என்று தெரியாது, நான் சொல்லவில்லை. சொல்வதா வேண்டாமா என்பது உன் பாடு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், போனதும் ஜெபத்தைத் தொடங்கிவிடாதே. கண்ணை மூடிக்கொண்டால் அவளைப் பார்க்க முடியாது.

கர்த்தர் உனக்கு நல்ல சுகத்தையும், ஒரு வாரத்துக்குக் கெட்ட தூக்கத்தையும் கொடுப்பாராக.

உன் மேல் கோபமாகவும், உனக்குத் தங்கையாகவும் இருக்கும்,
உன் தங்கை