மணல் மூட்டைக்கு நெளியத் தெரியாது

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே ஸ்டூல்களைத் தவிர மற்ற எல்லோரும் நலம். மகள் வீட்டில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பட்டறையில் செலவைக் குறைக்க ஓர் ஆலோசகரைக் கூட்டிவந்தேன் அல்லவா? முதல் நாளே உங்களைக் காட்டி, இவரு காலையிலேர்ந்து சும்மா உக்காந்தே இருக்காரே, இவருக்கு எதுக்குச் சம்பளம் என்று கேட்டார். செய்து முடித்த ஒவ்வொரு ஸ்டூலிலும் உட்கார்ந்து பார்ப்பதுதான் உங்கள் வேலை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவருக்குத் தலையாட்டினேன்.

நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, உங்கள் எடைக்கு ஒரு மணல் மூட்டை கட்டி ஸ்டூல்மேல் வைத்தோம். அது டீகூடக் கேட்கவில்லை. எட்டுத் திருகாணியை ஆறாக்கினோம். மூட்டை அதற்கும் வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நாற்பது ஸ்டூல் போனது. நாற்பதும் திரும்பி வந்தது. மனுஷன் என்றால் நெளிவான், கால்மேல் கால் போடுவான், விழுந்த பேனாவை எடுக்கச் சாய்வான். மூட்டை வைத்த இடத்தில் கிடக்கும். காரணத்தை விளக்க வந்த ஆலோசகர் வசதியாக ஒன்றில் உட்கார்ந்தார். மீதியைத் தரையிலிருந்து விளக்கினார்.

உங்கள் தங்கை என்னோடு பேசி இருபது நாளாகிறது. தட்டு வைக்கும் சத்தத்திலேயே விஷயம் புரிந்துவிடுகிறது.

போன வாரம், நீங்கள் கழித்துப் போட்ட பழைய ஸ்டூல்களை உடைக்கலாம் என்று கவிழ்த்தேன். அடியில் சாக்பீஸில் உங்கள் கையெழுத்து. ஒன்றில், குறுக்குக்கட்டைக்குப் புதுப் பலகை வேண்டாம், மிச்சத் துண்டே போதும் என்று. இன்னொன்றில், அடிப்பக்கத்துக்கு எதற்குப் பாலிஷ், யார் பார்க்கப் போகிறார்கள் என்று. யாரும் பார்க்கவில்லைதான், மச்சான். வாயால் சொன்னபோதெல்லாம் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றுதானே எழுதினீர்கள்? ஆலோசகர் சொன்னதைவிட இரண்டு மடங்கு செலவு இதில் குறைகிறது. வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் எழுதியபடியே, எட்டுத் திருகாணியோடு, நாற்பதையும் மறுபடி செய்துவிட்டோம். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் பள்ளிக்கூடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். பிறகு பட்டறைக்குப் பூட்டுதான். நானே உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் பயத்தில் பாதி எடையைக் காலிலேயே தாங்கிக்கொள்கிறேன்.

நாற்பதில் ஒன்றின் அடியில் நானும் சாக்பீஸால் ஒரு வரி எழுதியிருக்கிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. எந்த ஸ்டூல் என்று சொல்ல மாட்டேன். வந்து ஒவ்வொன்றாக உட்கார்ந்து, கவிழ்த்துப் பாருங்கள்.

உங்கள் எடை ஒரு கிலோகூடக் குறையக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும்,
தங்கை வீட்டுக்காரன்