கிளைச் சபைக்காரி ஊற்றிய தண்ணீர்

அக்கா,

டவுன் சபைக் கமிட்டிச் செயலர் சாயங்காலம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போன சிவப்பு நாற்காலி இன்னும் வாசலிலேயே கிடக்கிறது. உள்ளே எடுத்துப் போட மனம் வரவில்லை. பின்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் 'தாய்ச் சபை' என்று எழுதியிருக்குமே, அதே நாற்காலிதான். அந்த எழுத்தின் மேலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு எனக்குச் சபை ஒழுங்கு கற்றுக்கொடுத்தார் அந்த மனிதர். தன் சபைச் சொத்து என்று கண்டுபிடிக்கத் துப்பில்லை. குழந்தை தூங்கிவிட்டது. எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அந்த நாற்காலி என் வீட்டுக்கு வந்தது, தாய்ச் சபையான டவுன் சபையின் ஆண்டுவிழா நாளில். நான் மாசமாக இருந்தேன். நம் காலனி ஜெபக்கூடத்துக்கு அவர்கள் நிர்வாகத்தில் 'கிளைச் சபை' என்று பெயர். மாதத்தில் ஒரு ஞாயிறு ஆயர் வந்து திருவிருந்து கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் நாமே பாடி நாமே ஜெபித்துக்கொள்வோம். தீர்மானங்கள் எல்லாம் தாய்ச் சபையின் கமிட்டியில். அச்சில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் அர்த்தம். மைக்கில் வரும்போது அர்த்தம் வேறு. "கிளைச் சபையார் நாற்காலிகளை டெம்போவில் ஏற்றவும். கிளைச் சபையார் கடைசிப் பந்தியில் அமரவும்." கடைசிப் பந்தியில் நமக்குத் தரையும் குஸ்காவும்தான் மிஞ்சின. கறி எந்தப் பந்தியோடு போனதோ.

நீ இலையைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "நீ டிகிரி படிச்சவதானே, கிளைன்னா இன்னான்னு சொல்லு பாப்போம்."

நான் குஸ்காவைக் கிளறிக்கொண்டிருந்தேன். நீயே சொன்னாய்:

"அவுங்க துன்னுட்டு எந்திரிச்ச எலைய எடுக்கறவங்க. எழுதி வெச்சிக்கோ."

பிறகு ஒரு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஷேர் ஆட்டோவை நிறுத்தினாய். "அக்கா, இது திருட்டுக்கா" என்றேன். "கறிக்குப் பதிலு. மாசமா கீறவள தரைல குந்த வெச்சாங்க இல்ல, இனிமே நீ உங்க ஊட்ல இதுல குந்து" என்றாய். கம்பெனி கேன்டீனில் நாள் முழுக்கச் சப்பாத்தி தேய்த்த கை, நாற்காலியை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தது.

இந்தத் தாய்ச் சபைக்காரர்களின் தாத்தாக்களும் நம் தாத்தாக்களும் ஒரே ஆண்டையின் கழனியில், ஒரே சேற்றில் நின்றவர்கள். இவர்கள் அப்பாக்கள் கொஞ்சம் முன்னால் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள், டவுனில் மனை வாங்கிவிட்டார்கள். அதனால் தாயாகிவிட்டார்கள். எப்பேர்ப்பட்ட பிரசவம் பார்.

குழந்தை பிறந்த பிறகு அந்தப் புதுவாயல் ஜங்ஷன் நாள். கைக்குழந்தைக்கு மூச்சு இழுத்து, உதடு நீலம் பாரித்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ சிக்கிக்கொண்டது. நான் டிரைவர் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தேன். நீ அவளை உன் மடிக்கு வாங்கி, தண்ணீர் பாட்டிலைத் திறந்தாய்.

"பேரு இன்னா வெக்கப் போற, சொல்லு."

யோசித்து வைத்திருந்த நாகரிகப் பெயர்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"சரி, ஜீவா" என்றாய். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் மூன்று முறை உள்ளங்கைத் தண்ணீரை அவள் தலையில் விட்டாய். நெற்றி நிறைய விபூதி பூசியிருந்த டிரைவர் "ஆமென்" என்றார். "இன்னா ஆமென்னு குந்திக்கினுகீற, ஹாரன் அடிப்பா" என்று அவர்மேல் பாய்ந்தாய். அப்புறம் என்னிடம், "உசுரு போற அவசரத்துக்கு ஞானஸ்நானத் தண்ணிய யாரு வேணா ஊத்தலாம். சபை சட்டமே அதான். அழுவாதே" என்றாய்.

ஜீவா பிழைத்தாள். அவள் நடக்கத் தொடங்குவதற்குள் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். டவுன் கல்லறைத் தோட்டத்தில் உனக்குக் குழி காட்டிய அந்தச் செயலர், "கிளைச் சபைக்கு மோட்டார் ரூம் பக்கம்" என்றார். செத்த பிறகும் அந்தச் சொல் விடவில்லை.

அவர்தான் இன்று வந்தார். "ஏம்மா, அடுத்த மாசம் தாய்ச் சபையில ஞானஸ்நான ஆராதனை. பாப்பாவ தூக்கினு வந்துடு."

"அவளுக்கு ஆயிடுச்சுங்க ஐயா."

"எது, ஆட்டோல ஊத்தினதா? கிளைச் சபைப் பொம்பள ஊத்தின தண்ணியெல்லாம் செல்லாதும்மா."

"ஆயர் ஐயா செல்லும்னாரே. ஞானஸ்நானம் ஒருத்தருக்கு ஒருவாட்டிதான், சபை முன்னாடி ஏத்துக்கினா போதும்னாரே."

"அவரு நேத்து வந்தவரு."

அந்த ஆயரைப் பற்றியும் கேள். உண்மை தெரிந்தவர். ஆனால் கமிட்டிக்குக் கேட்காத அளவு சன்னமாகத்தான் அதைச் சொல்வார்.

"நாளைக்கு நம்ம ஸ்கூல்ல சீட்டு கேட்டு வந்து நிப்ப. அப்ப ஞானஸ்நான சர்டிபிகேட்டுக்கு இன்னா பண்ணுவ?" என்றார் செயலர்.

இந்த இடத்தில்தான் நான் ஆடிப்போனேன். தும்மினாலே டாக்டரிடம் ஓடுகிறவள் நான், உனக்குத் தெரியாதா. தண்ணீர்தானே, இன்னொரு முறை ஊற்றிவிட்டுப் போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், மன்னித்துக்கொள். ஒத்துக்கொண்டால் அன்று நீ செய்தது வெறுமனே ஒரு குழந்தையின் தலையை நனைத்தது என்று ஆகிவிடும். நீ அவளுக்கு ஞானத்தாயாகவும் இல்லை, எதுவாகவும் இல்லை.

"பேரே வெக்காத பாப்பாவ வெச்சிக்கினு எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்?" என்றார்.

குழந்தை அவருடைய செருப்போடு விளையாடிக்கொண்டிருந்தது. "ஜீவா" என்று கூப்பிட்டேன். செருப்பைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி, தத்தித் தத்தி என்னிடம் வந்தாள்.

"பாத்தீங்களா ஐயா. ஆயிடுச்சு."

அவர் எழுந்தார். ஒரு செருப்பைக் குழந்தை சிமெண்ட் தொட்டிப் பக்கம் தள்ளிவிட்டிருந்தது. ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு போய்த் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். தாய்ச் சபை அப்படித்தான் என் வாசலைத் தாண்டிப் போனது.

சீட்டு கிடைக்காமல் போகலாம். ஆனாலும் அவளுக்கு மூச்சு இழுக்கும்போதெல்லாம் மருந்தை எடுப்பதற்கு முன்னால் என் வாயில் வருவது நீ வைத்த பெயர்தான். அதை யார் கையிலும் கொடுத்து மறுபடி நனைக்க மாட்டேன்.

நாற்காலியை இப்போது உள்ளே எடுத்துப் போடுகிறேன். இத்தனை நாளும் யார் கண்ணிலும் படக்கூடாது என்று எழுத்தைச் சுவர்ப் பக்கமாகவே வைத்திருந்தேன். இனி அது வாசலைப் பார்த்து இருக்கட்டும். அடுத்த முறை வருகிறவர் படித்துவிட்டு உட்காரட்டும்.