பன்னிரண்டாவது பங்கு

என் ஆசை மச்சான் சின்னராசாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். எழுத்து அவளுடையது, கதை என்னுடையது. நீ போய் ஒரு வருசமும் நாலு மாதமும் ஆகிறது. உன்னிடம் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஸ்கந்தபுரத்துப் பங்கு இறைச்சியை நீ மறந்திருக்கமாட்டாய். பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு கிடாய். ஈரல், எலும்பு, கொழுப்பு எல்லாம் சரிசமனாகப் பனையோலையில் கும்பி கும்பியாக வைத்ததும் பெயர் கூப்பிடுவது நான். எழுத்துத் தெரியாத எனக்கு அந்த வரிசை மனப்பாடம். கடைசிப் பெயர் உன்னுடையது.

உன் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த ஞாயிறு, வாய்ப் பழக்கத்தில் "சின்னராசா" என்று கூப்பிட்டுவிட்டேன். கிடாய் உரிக்கிற துரையும் பழக்கத்தில் பன்னிரண்டாகத்தான் பிரித்திருந்தான். எடுக்க ஆளில்லாமல் உன் கும்பியில் இலையான் மொய்த்தது.

"இருக்கட்டும் அண்ணை, நீங்களே கொண்டுபோங்கோ" என்றான் துரை.

உன் மனைவி, என் தங்கச்சி, அன்றிலிருந்து சைவம். அதனால் ஞாயிறுதோறும் இரண்டு பங்கும் என் குசினிக்கே வந்தன. உன் பங்கில் ஒரு துண்டும் மிச்சம் விடமாட்டேன். விட்டால் உன்னையே விட்டது போல இருக்கும்.

முந்தி தீபாவளிக்கும் வயலில் நெல் அருவி வெட்டு முடிந்த பிறகும்தானே பங்கு போட்டோம்? இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகுதான் ஞாயிறுதோறும் என்றானது. பட்டினி கிடந்த வாய்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

போன சித்திரையில் வயல் வரம்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளை, "ஐயா, இரத்தக் குழாயில கொழுப்பு. எவ்வளவு இறைச்சி சாப்பிடுவியள்?" என்று கேட்டார்.

"ரெண்டு பேற்றை பங்கு, பிள்ளை."

அவர் சிரித்தார். தங்கச்சி சிரிக்கவில்லை. "அவரைக் கொண்டுபோனதும் உந்தக் கொழுப்புத்தான் அண்ணை. இப்ப அவரின்ரை பேரைச் சொல்லி நீங்களும் போகப்போறியளோ? பிறகு எனக்கு ஆர் இருக்கினம்?"

வீட்டுக்குக் குளக்கட்டால் வந்தோம். மண் சரியக்கூடாதென்று நீ நட்ட பத்து மருதங்கன்றில் மூன்றுதான் மிச்சம். அதுவும் முழங்கால் உயரம். ஞாயிற்றுக் கிடாய்க்காக ஊரில் ஆடு பெருகி, கட்டுப் பற்றையெல்லாம் அடியோடு கடித்துவிட்டன. மாரியில் ஓரிடம் சரிந்தும் போயிற்று. குடல் கழுவுகிற வாய்க்கால் நாறுகிறது. இத்தனை நாளும் இது என் கண்ணில் படாமல் போனது எப்படி மச்சான்?

அடுத்த ஞாயிறு பதினொன்றோடு நிறுத்தினேன்.

"அண்ணை, ஒண்டு மறந்திட்டியள்."

"மறக்கேல்லையடா துரை. மச்சானை இனி இதிலை கூப்பிடமாட்டன். என்ரை பங்கும் வேண்டாம். தீபாவளிக்குப் பாப்பம்."

"அப்ப சின்னராசா அண்ணை மேல இருந்து, 'எங்கையடா என்ரை கொழுப்பு' எண்டு கேட்டால்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண் கலங்கிவிட்டது. பிறகு குளக்கட்டின் கதையைச் சொன்னேன். கதைத்துக் கதைத்து, மாதம் ஒரு கிடாய், குடலைப் புதைப்பது என்று முடிவானது. துரை மட்டும் இன்னும் முறுமுறுக்கிறான்.

தங்கச்சி இப்போது பிஞ்சுப் பலாக்காயை இறைச்சிக் கறி போலவே சரக்குத்தூள் போட்டுக் காய்ச்சித் தருகிறாள். அதே ருசி என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் வரம்பில் மூச்சு வாங்காமல் நடக்கிறேன்.

கோபமா மச்சான்? பங்கில் பெயரை நிறுத்தினால் உன்னை மறந்ததாகுமா?

மூன்று கன்றையும் சுற்றிப் பனைமட்டையால் அடைத்திருக்கிறேன். காலையில் தண்ணீர் ஊற்றும்போது உன் பெயரை அங்கே கூப்பிடுகிறேன். அவை ஆடு எட்டாத உயரத்துக்கு வரும்வரை நான் உன்னிடம் வரமாட்டேன். இது சத்தியம்.

உனக்குத் தங்கச்சியைத் தந்த மச்சான்,
கந்தையா